தாய் கட்டிக் கொடுக்கும் சோறும் முதலாளி தராத கூலியும்

வங்காளத் திருமணங்களில் மணமகள் பிறந்தகத்தை விட்டுப் புறப்படும் வேளையில் ‘கனகாஞ்சலி’ என்றொரு சடங்கு நடைபெறும். கைநிறைய அரிசியை அள்ளி, திரும்பிப் பாராமல், தலைக்குப் பின்னால் அவள் எறிவாள். பின்னால் நிற்கும் தாய் முந்தானையை விரித்து அதை ஏந்திக்கொள்வாள். அதுநாள்வரை உண்ட சோற்றுக்கான கடன் தீர்ந்தது என்பது அதன் பொருள். புகுந்த வீட்டில் கணவன் சோற்றுத் தட்டையும் சேலையையும் அவள் கையில் கொடுத்து, இனி உன் சோற்றுக்கும் துணிக்கும் நானே பொறுப்பு என்று உற்றார் முன்னிலையில் உறுதி கூறுவான். தென் கொல்கத்தாவின் பவானிபூரில் இவ்விரு சடங்குகளும் இன்றும் நடக்கின்றன. ஆனால் கடன் தீர்த்துச் சென்ற மகள் மாதக் கடைசியில் தாய்வீட்டுக்கு வருகிறாள். திரும்பும்போது பையில் அரிசியும் மசூர்ப் பருப்பும் கடுகெண்ணெயும் இருக்கின்றன. பொறுப்பேற்ற மருமகனின் சம்பளம் 20ஆம் தேதியோடு தீர்ந்துவிடுகிறது. மகனோ, மணமாகி ஒரு குழந்தைக்குத் தந்தையான பின்னும், பணிக்குச் செல்லும் வழியில் பழைய வீட்டுப் படியேறி, தாய் நிரப்பி வைத்த டிபன் கேரியரை எடுத்துச் செல்கிறான்.

இத்தகைய வீடுகள் பவானிபூரில் மட்டும் இருப்பதாகக் கொள்ள வேண்டா. தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சென்னைக்கு வரும் பேருந்துகளின் அடிப்பெட்டிகளில் ஏற்றப்படும் அரிசி மூட்டைகளும், தேங்காய்களும், பழைய ஹார்லிக்ஸ் புட்டிகளில் அடைத்த இட்லிப் பொடியும் இதே கதையைத்தான் சொல்கின்றன. அவற்றை ஊர்ப்பாசம் என்று அழைக்கிறோம். பாசம் இல்லாமலில்லை. ஆனால் பாசம் என்னும் சொல் ஒரு பொருளாதார உறவை மூடி மறைக்கும் திரையாகும்போது, திரையை விலக்கிப் பார்ப்பது கடமையாகிறது.

தொலைக்காட்சிகளும் வார இதழ்களும் இதனை இந்தியக் குடும்பத்தின் மேன்மை என்று கொண்டாடுகின்றன. மேலைநாட்டார் பதினெட்டு வயதில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள், இங்கோ நாற்பது வயது மகனுக்கும் தாய் சோறிடுகிறாள் என்று பெருமை பேசப்படுகிறது. அப்பெருமை பேசுவோரிடம் ஒரேயொரு கேள்வி. அந்த நாற்பது வயது மகன் எங்கே வேலை செய்கிறான்? அவனுக்கு ஏன் தன் சோற்றைத் தானே வாங்க இயலவில்லை?

ஹாஜ்ரா சந்திப்பில் போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் சிவிக் வாலண்டியரை எடுத்துக்கொள்வோம். காவலர் செய்யும் வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறார்; காவலருக்குரிய ஊதியமோ ஓய்வூதியமோ இல்லை. 2024ஆம் ஆண்டு மாநில வரவு செலவுத் திட்டத்தில் 1,000 ரூபாய் உயர்த்தப்பட்ட பின் அவர் பெற்றது மாதம் 10,000 ரூபாய். கொல்கத்தாவில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, இரண்டு பேர் உண்டு, ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப இது போதாது என்பது அவரை நியமித்த அரசுக்குத் தெரியாதா? தெரியும். அவர் எப்படியும் உயிர்வாழ்வார் என்பதும் தெரியும். தந்தைக்கு ஓய்வூதியம் இருக்கும். தாய்வீட்டில் அடுப்பு எரியும். இரவு பதினொரு மணிக்குப் பிரியாணிப் பொட்டலத்தைச் சுமந்து பவானிபூர்ச் சந்துகளில் செல்லும் சொமாட்டோ, ஸ்விக்கி இளைஞரின் நிலையும் இதுவே. ஊருக்கெல்லாம் உணவு சுமப்பவர், தம் உணவுக்குத் தாயின் கேரியரை நம்பியிருக்கிறார்.

‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் மார்க்ஸ் உழைப்புச் சக்தியின் மதிப்பை விளக்குமிடத்தில், தொழிலாளியின் பிழைப்புக்கு வேண்டிய பொருள்களோடு அவர்தம் பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறார். உழைப்பவர் ஒருநாள் ஓய்வார், அவரிடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை வேண்டும் என்பதே காரணம். ஆக, கூலி மேலிருந்து கீழாக, பெற்றோரிடமிருந்து சிறு பிள்ளைகளுக்குப் பாயவேண்டியது. வளர்ந்து, படித்து, முழுநேரம் உழைக்கும் பிள்ளைக்கும் ஓய்வுபெற்ற பெற்றோரே சோறிடுகின்றனர் என்றால், அந்த உழைப்புச் சக்தி அதன் மதிப்புக்குக் கீழே விற்கப்படுகிறது. குறைவுபடும் தொகையை யாரோ ஒருவர் இட்டு நிரப்புகிறார். பவானிபூர் மூதாட்டி தன் மகனுக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றில் பாதியை மகனின் முதலாளி உண்கிறான் என்று சொன்னால் அது அணியிலக்கணமன்று, கணக்கு.

இக்கணக்கு புதியதும் அன்று. 1795இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷையர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்தில் கூடி ஒரு முடிவெடுத்தனர். ரொட்டி விலைக்கேற்ப, விவசாயத் தொழிலாளியின் கூலிக்கும் அவர் குடும்பத்தின் குறைந்தபட்சத் தேவைக்கும் உள்ள இடைவெளியை ஊர்வரிப் பணத்திலிருந்து நிரப்புவது என்பதே அது. கேட்பதற்குக் கருணையாகத் தோன்றும். விளைவோ, பண்ணையார்கள் கூலியை உயர்த்தவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டனர். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் மீதியை ஊர் கொடுக்கும். அங்கே அந்தச் சுமையைத் தாங்க ஒரு வரியாவது இருந்தது. இங்கே ஊர்வரிக்குப் பதில் தாயின் அஞ்சறைப் பெட்டி. இதில் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. வரி கேட்டால் மக்கள் எதிர்ப்பர். தாய் எதிர்க்க மாட்டாள், கேட்காமலே கொடுப்பாள்.

இந்தப் பெற்றோர் யார்? செல்வர்கள் அல்லர். பவானிபூரின் பழைய வீடுகளில் முதல் மாடியிலும் பின்கட்டிலும் குடியிருக்கும் ஓய்வுபெற்ற எழுத்தர்கள், பள்ளி ஆசிரியைகள், மருத்துவமனைப் பணியாளர்கள், டிராம் தொழிலாளர்கள். இவர்களில் மாநில அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் கிடைக்கிறது. ஒன்றிய அரசு 2004 ஜனவரி முதல் புதிய ஓய்வூதியத் திட்டத்தைத் திணித்தபோது, மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. மேற்கு வங்க இடது முன்னணி அரசு பணியவில்லை. இன்றும் அத்திட்டத்தில் சேராத மாநிலமாக மேற்கு வங்கம் இருப்பதற்கு அன்றைய முடிவே காரணம். தமிழ்நாட்டிலோ 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. இன்று பவானிபூரில் வேலையற்ற பட்டதாரி மகனின் தட்டில் விழும் சோற்றில் ஒரு பிடி, ‘காலாவதியான கொள்கை’ என்று அறிவாளிகள் எள்ளி நகையாடிய அந்த இடதுசாரி முடிவிலிருந்து வருகிறது. இதை எந்தத் தொலைக்காட்சியும் சொல்லப்போவதில்லை.

அந்த ஓய்வூதியத்தையும் திரிணாமுல் அரசு அரித்துத் தின்றது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அகவிலைப்படி 55 சதவீதம். மேற்கு வங்க அரசு வழங்கியது 18 சதவீதம். வேறுபாடு 37 சதவீதம். அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் பெறும் முதியவருக்கு இது மாதம் 7,400 ரூபாய். ஜது பாபு சந்தையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், உருளைக்கிழங்கு இத்தனையும் வாங்கி, வாரம் ஒருநாள் ரோகு மீன் வெட்டித் தரச் சொல்லவும் அத்தொகையில் இடமுண்டு. சேமிப்பின் வட்டியை நம்பியிருப்போரின் கதை இன்னும் மோசம். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. கடன் வாங்குவோருக்கு நிவாரணம் என்று தலைப்புச் செய்திகள் மகிழ்ந்தன. வைப்பு வட்டியும் அவ்வளவு குறைந்தால் பத்து லட்சம் ரூபாயை வங்கியில் போட்டிருக்கும் முதியவர் ஆண்டுக்கு 10,000 ரூபாய் இழப்பார் என்பதைக் குறித்து எவரும் மகிழவோ வருந்தவோ இல்லை.

பிள்ளைகளின் பக்கம் திரும்பினால் கொள்ளையின் உருவம் முழுமையாகத் தெரியும். மேற்கு வங்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற எழுத்தரின் மகளுக்குப் பள்ளி ஆசிரியர் பணி என்பதே குடும்பத்தின் கனவு. பள்ளிப் பணி ஆணையத்தின் 2016ஆம் ஆண்டுத் தேர்வின்வழி நிகழ்ந்த 25,753 ஆசிரியர், ஆசிரியரல்லாப் பணியாளர் நியமனங்களையும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று ரத்து செய்தது. விடைத்தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டதால், நேர்மையாகத் தேர்ச்சி பெற்றவரையும் பணம் கொடுத்து நுழைந்தவரையும் பிரித்தெடுக்க முடியாத அளவுக்குத் தேர்வு முறையே கறைபட்டுப் போனது. 2022 ஜூலையில் அன்றைய அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி கைதானபோது, அவருக்கு நெருக்கமானவரின் அடுக்ககங்களில் ஏறத்தாழ 50 கோடி ரூபாய் ரொக்கத்தை அமலாக்கத் துறை எண்ணி எடுத்ததை நாடே கண்டது. தேர்ச்சி பெற்றும் பணி கிடைக்காதவர்கள் அதற்கு முன்பே காந்தி சிலையருகே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தனர். 2023 டிசம்பரில் ஆயிரமாவது நாளில் ஒரு பெண் தம் தலைமுடியை மழித்துக்கொண்டார். அந்த ஆயிரம் நாள்களும் அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது?

கறைபடாத ஆசிரியர்கள் 2025 டிசம்பர் 31 வரை பணியாற்றலாம் என்று நீதிமன்றம் பின்னர் அனுமதித்தது. குரூப் சி, குரூப் டி ஊழியர்களுக்கு அதுவும் இல்லை. ஏப்ரல் 9 அன்று கஸ்பாவில் மாவட்டப் பள்ளி ஆய்வாளர் அலுவலகத்தின் முன் திரண்ட ஆசிரியர்களுக்குக் கிடைத்தது காவலரின் உதை. வீட்டுக் கடனும் குழந்தையும் உள்ள முப்பத்தைந்து வயது ஆசிரியை ஒரே நாளில் மீண்டும் தந்தையின் ரேஷன் பையைப் பார்க்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அரசோ மறுபுறம் ‘லட்சுமி பண்டார்’ திட்டத்தில் அந்த வீட்டுத் தாய்க்கு, அவருக்கு அறுபது வயது ஆகாதிருந்தால், 2025இல் மாதம் 1,000 ரூபாய் தந்தது; பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 1,200. பெண்களின் கைக்குப் பணம் செல்வதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் கூடாது. தொகை உயரவேண்டும் என்பதே நிலைப்பாடு. ஆனால் மகளின் வேலையை விற்றுவிட்டு, அவளுக்குச் சோறு போடத் தாயிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்து, அதற்கும் நன்றி எதிர்பார்க்கும் அரசியலை என்னவென்று அழைப்பது?

தில்லியில் இருப்போர் இவர்களைவிட மேலானவர்கள் என்று பாஜகவினர் பவானிபூரில் வீடுவீடாகச் சொல்லி வருகின்றனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் இளைஞர்கள். அதை வெளியிட்ட மேடையிலேயே ஒன்றிய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன், வேலையின்மை போன்ற சிக்கல்கள் அனைத்தையும் அரசே தீர்த்துவிடும் என்று எண்ணுவது சரியன்று எனப் பேசினார். அரசு தீர்க்காது, முதலாளி தீர்க்க மாட்டான், எஞ்சியிருப்பது யார் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கிராமப்புற வேலை உறுதித் திட்ட நிதியை 2022 மார்ச் முதல் மேற்கு வங்கத்துக்கு நிறுத்தியவர்களும் இவர்களே. ஊழல் செய்தவர் திரிணாமுல் பிரமுகர். தண்டனை பெற்றவர் மண் வெட்டிய கூலித் தொழிலாளி. 81 கோடிப் பேருக்கு 5 கிலோ இலவச தானியம் தருகிறோம் என்பது அவர்களின் வெற்றி முழக்கம். 81 கோடிப் பேர் அந்த 5 கிலோவுக்காக நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாகவே அதைப் படிக்கவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பசி ஏன் வாய்திறப்பதில்லை? நற்றிணையின் 110ஆம் பாடல், போதனார் பாடியது, தமிழ் கற்ற தோழர்கள் பலருக்கும் நினைவிருக்கும். பாலும் தேனும் கலந்த உணவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திச் செவிலியர் பின்னால் ஓடியும் உண்ண மறுத்து விளையாடிய சிறுபெண், மணமான பின் கணவன் வீடு வறுமையுற்றபோது, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். தந்தை வீட்டின் வளமான சோற்றை நினைத்தும் பார்ப்பதில்லை. செவிலி வியந்து சொல்வதாக அமைந்த அப்பாடலை நூற்றாண்டுகளாகப் பெண்ணின் பெருமிதத்துக்குச் சான்றாகக் காட்டி வருகின்றனர். கவிதையின் அழகில் குறையில்லை. அதைப் பாடமாக்கியவர்களின் நோக்கத்தில்தான் குறை. பட்டினியைக் குடும்ப மானத்தின் உறைக்குள் மூடி வைப்பதற்கு அந்தப் பெருமிதம் பயன்படுத்தப்பட்டது. தந்தை வீட்டுச் சோற்றை மறுப்பவள் போற்றப்படுகிறாள் என்றால், ஏற்பவள் தலைகுனியவேண்டும் என்றாகிறது. மாதக் கடைசியில் தாய்வீடு வரும் பவானிபூர் மகள் அண்டைவீட்டார் கண்ணில் படாதவாறு பையின் மேல் ஒரு துண்டை மூடி எடுத்துச் செல்வதற்குக் காரணம் இதுதான். குற்றம் செய்தவர் வெளிச்சத்தில் நடக்க, கூலி இழந்தவர் மறைந்து நடக்கிறார்.

மறைவில் நிகழ்வது இன்னொன்றும் உண்டு. கேரியரில் கூடும் ஒரு கரண்டி எந்தத் தட்டில் குறைகிறது? கணவருக்கும் மகனுக்கும் பேரனுக்கும் மீன் துண்டு வைத்த பின் தலையும் குழம்பும் தனக்குப் போதும் என்பாள் தாய். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குவாள். பால் வாங்குவதை நிறுத்திவிட்டு, வயதாகிவிட்டது, பால் செரிப்பதில்லை என்று காரணம் கூறுவாள். எந்த நுகர்வுக் கணக்கெடுப்பும் இப்பொய்யைப் பிடிக்காது. குடும்பத்தின் சராசரியில் அவளுடைய பட்டினி கரைந்துவிடும். அறுபத்தெட்டு வயதில் அவள் மீண்டும் முழுநேரச் சமையல்காரியாகிறாள், கூலியின்றி. 2007ஆம் ஆண்டுச் சட்டம் முதிய பெற்றோரைப் பிள்ளைகள் காக்கவேண்டும் என்கிறது. வளர்ந்த மகனுக்குப் பெற்றோர் சோறிடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் ஒரு திசையைக் காட்ட, வாழ்க்கை எதிர்த்திசையில் ஓடுகிறது. இதைக் குறித்துச் சட்டமியற்றும் அவைகளில் ஒரு கேள்வியும் எழுவதில்லை.

பெற்றோரிடம் ஓய்வூதியம் இருப்பவர்களின் கதை இது. பவானிபூரின் மேற்கே ஆதிகங்கைக் கால்வாயோரக் குடிசைகளில் வாழும் வீட்டுவேலைத் தொழிலாளிகளுக்கு அதுவும் இல்லை. முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் வரும் கட்டட, பின்னலாடைத் தொழிலாளர்கள் குழந்தைகளை ஊரில் தாத்தா பாட்டியின் அடுப்படியில் விட்டுவிட்டே வருகின்றனர். தமிழ்நாட்டு முதலாளி அவருக்குக் கொடுக்கும் குறைகூலியின் மறுபாதியை வங்காளக் கிராமத்து மூதாட்டி ஈடுசெய்கிறாள். ‘வடக்கன்’ என்று ஏளனம் செய்யும் தமிழ்த் தொழிலாளி இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், தன் கூலியை எது கீழே இழுக்கிறது என்பது விளங்கும்.

பசி என்றும் இப்படி ஒளிந்திருந்ததில்லை. 1943 பஞ்சத்தில் கொல்கத்தாத் தெருக்களில் வடிகஞ்சி கேட்டு எழுந்த ஓலத்தை அந்நகரம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சிலேயே கம்யூனிஸ்ட் பெண்கள் முன்னின்று அமைத்த பெண்கள் தற்காப்புச் சங்கம், பட்டினியில் வாடிய பெண்களைத் திரட்டிச் சட்டமன்றத்துக்கு அழைத்துச் சென்றது. 1959 ஆகஸ்ட் 31 அன்று உணவு கேட்டு வந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை நடத்திய தாக்குதலிலும் அதைத் தொடர்ந்த நாள்களிலும் 80 பேர் மாண்டதாக இயக்கத்தின் ஏடுகள் பதிவு செய்துள்ளன. அதற்கும் நூறாண்டு முன்னர், பவானிபூரிலிருந்து ‘இந்து பேட்ரியட்’ ஏட்டை நடத்திய ஹரீஷ் சந்திர முகர்ஜி, அவுரித் தோட்ட வெள்ளையரால் வதைபட்ட உழவர்களின் துயரை வாரந்தோறும் அச்சேற்றினார். 1861இல் முப்பத்தேழு வயதில் அவர் இறந்தபின்னும், தோட்டக்காரன் தொடுத்த வழக்கு அவருடைய கைம்பெண் மனைவியைத் துரத்தியது. அவர் பெயரிலேயே இன்று பவானிபூரின் பெருஞ்சாலை ஒன்று இருக்கிறது. உழவனின் வயிற்றை ஊரறியப் பேசவேண்டிய செய்தியாக்கியதே அவர் செய்த குற்றம்.

அந்த மரபுக்கு உரிமை கொண்டாடும் இயக்கத்தில் இன்று ஒரு தயக்கம் தென்படுகிறது. கிளைக் கூட்டத்தில் உலக நிலைமை பேசப்படும், உறுப்பினர் கட்டணம் கேட்கப்படும். இரண்டு மாதமாகக் கட்டணம் செலுத்தாத இளம் தோழர் எவ்வாறு உண்கிறார் என்று கேட்பது அவருடைய குடும்ப விஷயத்தில் தலையிடுவதாகக் கருதப்படுகிறது. ஆளும் வர்க்கம் பசியைக் குடும்பத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. அந்தக் கதவைத் தட்டாமல் நாகரிகம் காப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகும். 2020 ஊரடங்கில் ஜாதவ்பூரில் இடதுசாரித் தோழர்கள் தொடங்கிய ‘சிரமஜீவி கேன்டீன்’, 20 ரூபாய்க்கு ஒருவேளை உணவு தந்து அக்கதவை ஓரளவு திறந்தது. வேலையிழந்தவர் மறைந்து நிற்காமல் வரிசையில் நின்றார், வரிசையில் நின்றவர்களோடு பேசினார். அரசின் ஐந்து ரூபாய் ‘மா கேன்டீன்’ அதற்குப் பின்னரே, 2021 பிப்ரவரியில், தேர்தலை எதிர்நோக்கி வந்தது. இருப்பினும் பொதுச் சமையலறை கூலிக்கு ஈடாகாது. எத்தனை அடுப்பு மூட்டினாலும் ஸ்பீனம்லாந்தின் கணக்கு அதிலும் நுழைந்துவிடும், கூலி உயர்வுக்கான போராட்டம் உடன் நடக்காவிட்டால்.

போராட்டம் நடக்கவும் செய்கிறது. 2023 மே 6 அன்று, அகவிலைப்படி கேட்டு ஷாஹித் மினார் அருகே ஊழியர்கள் தொடங்கிய உள்ளிருப்பின் நூறாவது நாளில், மாநில அரசு தடுத்தும் உயர் நீதிமன்ற அனுமதியோடு அவர்கள் ஹாஜ்ராவிலிருந்து ஹரீஷ் முகர்ஜி சாலை வழியாக ஊர்வலம் சென்றனர். 63 நாள் உண்ணாவிரதமிருந்து 1929இல் லாகூர்ச் சிறையில் உயிர்நீத்த ஜதின் தாஸின் பெயர் தாங்கிய பூங்கா அச்சந்திப்பில்தான் உள்ளது. உணவை மறுத்து உரிமை கேட்டவரின் நினைவிடத்தருகே, உணவுக்கான உரிமையைக் கேட்டு எழுத்தர்களும் ஆசிரியர்களும் நடந்தனர். ஐரோப்பாவின் நெருக்கடிக் காலத்தில், 2011இல், ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஓய்வூதியர்கள் ‘யாயோஃபிளவுத்தா’ என்ற பெயரில் அணிதிரண்டு வங்கிகளுக்குள் சென்று அமர்ந்தனர். பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் தங்கள் ஓய்வூதியத்தில் உண்ணும் நிலை ஏன் வந்தது என்பதே அவர்களின் கேள்வி. பவானிபூரில் ஓய்வூதியர் சங்கம் ஒருபுறமும், வாலிபர் சங்கம் ஒருபுறமும், உணவு விநியோகத் தொழிலாளர் சங்கம் வேறோரிடத்திலும் தனித்தனியே மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. மூவரும் உண்பது பல வீடுகளில் ஒரே பானைச் சோறு.

2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம், அகவிலைப்படி நிலுவையில் 25 சதவீதத்தை ஆறு வாரத்தில் வழங்குமாறு மேற்கு வங்க அரசுக்கு ஆணையிட்டது. ஜூன் இறுதியில் கெடு முடிந்தது. பணம் வரவில்லை, நிதி இல்லை, இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று அரசு மனு அளித்தது.